சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டிக் கடன்

ஒசாகா,
நவம்பர் 13, வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி தோகுஜிக்கு,

அக்கா யாசுயோ எழுதுவது. உங்கள் ஒத்தாருவில் இந்நேரம் முதல் பனி விழுந்திருக்கும். இங்கே இலைகள் சிவந்து, வெயில் தணிந்து, மனதுக்கு இதமான காலம். நீயும் மினேகோவும் மகள் சயோரியும் நல்ல உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான், எழுதியாகிவிட்டது. இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி. விரைவுத் தபாலுக்கு முந்நூறு யென் கூடுதலாகக் கேட்பார்கள், அதையும் கொடுத்துத்தான் அனுப்பப் போகிறேன். என் கோபம் ஆறுவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

1997-இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிற வண்டி ஒன்று வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் ஜனங்கள் கையைச் சூடாக்கிக்கொள்ள வாங்கித் தின்கிற கிழங்கை ஜூன் மாதத்தில் விற்கக் கிளம்பியவன் இந்த ஜப்பானிலேயே நீ ஒருத்தன்தான். "அக்கா, ஜூன்ல போட்டியே இருக்காது பாரு" என்றாய். போட்டி இல்லைதான், வாங்க ஆளும் இல்லை. அந்த வண்டிக்கு ஸ்டேஷன் பக்கத்துக் கடன் கடையில் நாலு லட்சம் வாங்கினாய். ஜாமீன் கையெழுத்தாக என் முத்திரையைக் குத்தச் சொன்னாய். குத்தினேன். அப்போதே என் கையை யாராவது பிடித்துக் கடித்திருக்கக் கூடாதா! ஆகஸ்டில் வண்டியை விற்றுவிட்டு நீ வடக்கே போய்விட்டாய். கடன் கடையும் திவாலாகி அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்துவிட்டது. விட்டது சனியன் என்று நானும் மறந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம், தோகுஜி! அந்தக் கடனுக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் இந்நேரம் அதற்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

போன மாதம் என் கொரோக்கே கடை வரிசையில் குசகபே என்று ஒரு ஆள் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும், கறுப்புக் கோட்டு, எண்ணெய் தடவி வாரிய தலை. எண்ணெயில் பொரித்தெடுத்த உருளைக்கிழங்குக் கொரோக்கே இரண்டு வாங்கி, காசை எண்ணி வைத்து, இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து கும்பிட்டு, கூடவே ஒரு காகிதத்தையும் நீட்டினான். செத்துப்போன கடன்களை மொத்தமாக, வாடிய கீரையை அள்ளுகிற விலைக்கு அள்ளிக்கொண்டு வருகிற ஏதோ ஒரு வசூல் கம்பெனி. பாவி, காதோடு காதாக மெதுவாகத்தான் பேசினான். நான்தான் "என்னது, கடனா?" என்று கத்தி அங்காடித் தெரு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். எதிர்க்கடை ஊறுகாய்க்காரர் இவாகி வெள்ளரிக்காயும் கையுமாக வெளியே வந்துவிட்டார். நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் ஒருத்தரிடமும் ஒரு யென் பாக்கி வைக்காதவளுக்கு நீ சம்பாதித்துக் கொடுத்த மானம் இது!

நம் கடைக்கு ஹயாமி என்று ஒரு பெண் வருவாள், கோர்ட்டுப் பத்திரங்கள் எழுதித் தருகிறவள், கெட்டிக்காரி. அவளிடம் காகிதத்தைக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "யாசுயோம்மா, நல்லா கேட்டுக்குங்க. அஞ்சு வருஷம் தாண்டின கடன் செத்த கடன். ஆனா அது செத்துப் போச்சுன்னு நாமதான் எழுதி, சாட்சித் தபால்ல அனுப்பணும். நான் எழுதித் தரேன். அது போய்ச் சேர்ற வரைக்கும் வாயே திறக்காதீங்க. ஆயிரம் யென் குடுத்தாலும் போச்சு. தவணை கேட்டாலும் போச்சு. கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் போச்சு. கடன் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி, திரும்ப உயிர் வந்துடும்."

காசு கொடுக்காமல் என்னால் இருக்க முடியும். தவணை கேட்காமலும் இருப்பேன். ஆனால் ஒசாகாக்காரியிடம் வந்து விலை குறைத்துக் கேட்காதே என்றால் என்ன நியாயம்? உன் அத்தானுக்குச் சவப்பெட்டி வாங்கும்போது அழுதுகொண்டே பதினெட்டாயிரம் குறைத்தவள் நான்! பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? என் கடையில் பொரிக்கிற அடுப்பில் கேஸ் கசிகிறது. தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்து, வருஷம் முடிவதற்குள் மாற்றாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புது அடுப்புக்கென்று மூன்று வருஷமாக, பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிற காசில் கூட மிச்சம் பிடித்து மூன்று லட்சத்து இருபதாயிரம் சேர்த்திருந்தேன். அது போனால் கடை போச்சு. கடை போனால் அறுபத்தெட்டு வயதில் நான் யார் வீட்டில் போய்ப் பாத்திரம் கழுவுவது, உன் வீட்டிலா?

இரண்டாம் தடவை அந்தக் குசகபே வந்தபோது, "எனக்கு எதுவும் தெரியாது, பதில் தபால்ல வரும்" என்று ஹயாமி சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியத்தை ஒன்பது தடவை சொன்னேன். அன்றைக்கும் இரண்டு கொரோக்கே வாங்கினான். வரிசையில் நின்று காசு கொடுக்கிறவனை எப்படி விரட்டுவது? நேற்று, புதன்கிழமை, மூன்றாம் தடவையாக வந்து இன்னும் இரண்டு வாங்கினான். சாயங்காலம் ஹயாமி கடிதத்தைக் கொண்டு வருவாள், முத்திரை குத்தி அனுப்பினால் தீர்ந்தது. நடுவில் இருந்தது நாலு மணி நேரம், அவ்வளவுதான். அவன் சொன்னான்: "வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து முப்பத்தொரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூறு யென் ஆகுதுங்கம்மா."

வாய் தவறிவிட்டது. "அந்த நானூறு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான், அவன் கண் மின்னியது. "நானூறைத் தள்ளிடலாங்கம்மா."

"நானூறைத் தள்ளுவியா? முப்பத்தொரு லட்சம்னு சொல்ல உனக்கு நாக்கு கூசலையா? வண்டியே நாலு லட்சம்தான்யா! அதுலயும் ஒரு டயர் பஞ்சர்!"

"உங்களுக்காக இருபது லட்சம்."

"இருபதா? அந்தக் காசுக்கு இந்தத் தெருவையே எழுதிக் குடுத்து, இவாகியோட ஊறுகாய்ப் பானையையும் சேர்த்துத் தருவாங்க!"

"என் பானை எதுக்குடி?" என்று இவாகி எதிர்க்கடையிலிருந்து கத்தினார். மனுஷனுக்கு ஒரு வேலையும் இல்லை.

"பத்துங்கம்மா. இதுக்குக் கீழ போனா மேனேஜர் என்னைக் கொன்னுடுவார்."

"கொல்லட்டும். நீ வாங்கினது குப்பை விலைக்குத்தானே? என்கிட்ட ஆறு கொரோக்கே வாங்கியிருக்கே, வாடிக்கைக்காரன்னு பார்த்துச் சொல்றேன். ரெண்டு."

"அம்மா, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் மட்டும் என்ன, பிறந்ததுலேர்ந்து தனியாவா இருக்கேன்? எனக்கும் ஒரு தறுதலைத் தம்பி இருக்கான்! ரெண்டே முக்கால்!"

தெருவே கூடிவிட்டது. "மூணுல முடி, யாசுயோ!" என்று இவாகி கைதட்டினார். குசகபே மேனேஜருக்குப் போன் போட்டான், வியர்த்தான், ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டான். மூன்றில் முடிந்தது. மிச்சம் எல்லாம் தள்ளுபடி, அக்காவிடமும் தம்பியிடமும் இனி ஒரு யென் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கம்பெனி முத்திரையோடு கொண்டுவரச் சொன்னேன், ஐந்து மணிக்குக் கொண்டுவந்தான். இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் குறைத்திருக்கிறேன், இந்தத் தெருவில் எவளும் குறைத்ததில்லை! கை தட்டினவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கொரோக்கே சும்மா கொடுத்தேன். ஆறு மணிக்கு ஹயாமி வந்தாள். காகிதத்தைப் படித்தாள், அப்படியே உருளைக்கிழங்குக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள். "யாசுயோம்மா, ஒரு யென் கூடத் தர வேண்டாத கடனுக்கு மூணு லட்சமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கொண்டுவந்த கடிதத்தைக் கிழிக்கவும் மனசில்லாமல் திரும்பக் கொண்டுபோனாள்.

இன்று கடைக்கு விடுமுறை. காலையில் வங்கிக்குப் போய் மூன்று லட்சத்தைக் கட்டிவிட்டு வந்து, கேஸ் கசிகிற அடுப்பின் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிறு எரிகிறது, தோகுஜி! ஆகவே கேட்டுக்கொள். மாதம் ஐம்பதாயிரமாக ஆறு மாதத்தில் என் பணம் திரும்பி வர வேண்டும். கொடுத்து முடிக்கும் வரை புதுவருஷத்துக்கு இந்தப் பக்கம் வராதே. வந்தாலும் புதுவருஷ மோச்சிக் கொழுக்கட்டை கிடையாது. அன்றைக்கு அந்தக் கிழங்கு வண்டிக்குப் பதிலாக உன்னை விற்றிருந்தால் குடும்பத்துக்கு லாபம். வேறு யாராவது ஜாமீன் கேட்டு வந்தால் சொல்லு, இந்த ஜன்மத்தில் எனக்கு இனிமேல் கையே கிடையாது.

உங்கள் ஊரில் குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள். மினேகோவுக்கு என் வணக்கம், சயோரிக்கு ஆசி. உனக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
வயிறெரிந்த அக்கா,
யாசுயோ

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்று பொய். வாய் தவறவில்லை. நேற்று அவன் தொகையைச் சொன்னதும் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவன் பையை மூடிவிட்டு, மரியாதையாகக் குனிந்து சொன்னான்: "சரிங்கம்மா, இனி உங்களைத் தொந்தரவு பண்ணல. தம்பி விலாசம் ஒத்தாருல கிடைச்சிருக்கு. எங்க சப்போரோ ஆள் இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்குவார். ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் வீட்ல இருப்பாங்க." இந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளை வீட்டார் சயோரிக்கு நிச்சயதார்த்தச் சீர் கொண்டு வருகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். தம்பியும் வாயை மூடிக்கொண்டு கடிதம் அனுப்பினால் போதுமென்று ஹயாமி சொல்வாள், வாயை மூடத் தெரிந்தவனுக்கு அது சரி. நீ தபால் பெட்டியில் இடித்துக்கொண்டாலே அதனிடம் மன்னிப்புக் கேட்கிறவன். சம்பந்தி உள்ளே உட்கார்ந்திருக்க, வாசலில் தரையோடு தரையாகக் குனிந்து முப்பத்தொரு லட்சத்தையும் அப்படியே ஒத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் பேரத்தை ஆரம்பித்தேன். ஹயாமியும் தெருவும் கிழவி உளறிவிட்டாள் என்றே நினைக்கட்டும், நீயும் மினேகோவிடம் சொல்லித் தொலைக்காதே. பணம் அனுப்பாதே, சயோரிக்கு நல்ல பட்டு எடு. மறுத்தால் மிதிப்பேன். அடுப்புக்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அது என் பாடு. கம்பெனி முத்திரை போட்ட காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து மணி அடித்தாலும், பயப்படாமல் நீயே போய்க் கதவைத் திற.