நோரீனுக்குச் சிரிக்க வராது

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பேக்கரியில் ஆள் நிறைந்திருந்தது. நோரீன் டாகர்ட் ஒரு பன்னை எடுத்துக் கவுன்டரில் தட்டினாள். டொக்கென்று கேட்டது.

"வில்மா, இதைத் திங்கணுமா, சுவத்துல வச்சுப் பூசணுமா?"

பேக்கரி வில்மாவுடையது. அவள் முகம் சிவந்தது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. தேர்தலுக்கு ஐந்து வாரமே இருந்தது. நோரீன் சுயேச்சை வேட்பாளர்.

கிளைவ் பாஸ்கோ அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். ஊரில் பழைய கார் விற்பவன். இப்போது அவளுடைய தேர்தல் ஏஜென்ட்.

"நோரீன், நீங்க வேட்பாளர்."

"பன்னு கல்லு மாதிரி இருக்கு."

"வேட்பாளருக்கு எந்தப் பன்னும் கல்லு மாதிரி இருக்காது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சும்மா இருக்கச் சொல்றேன்."

"அதுக்கு எதுக்குத் தேர்தல்ல நிக்கணும்? வீட்டுலயே சும்மா இருக்கலாமே."

சிட்னிக்கு வெகு தூரத்தில் இருந்த அந்த ஊர் முல்லவாரா. அதன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை அரசாங்கம் போன வருடம் மூடியது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேர ஓட்டம். கிளைவின் மகள் டாம்சினுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. கோதுமைக் கிடங்கைத் தாண்டியதும் ரோட்டோரத்தில், அவன் காரின் பின் சீட்டில் குழந்தை பிறந்தது. குழந்தை பிழைத்தது. டாம்சின் பிழைப்பாளா என்பது மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காரை அவனால் விற்க முடியவில்லை. விலையைக் குறைத்தும் முடியவில்லை.

இப்போது டாம்சின் மறுபடி உண்டாகியிருந்தாள். ஜூன் கடைசியில் நாள்.

நோரீன் அந்த வார்டில் முப்பது வருடம் தலைமை நர்ஸ். ஊரில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவள். இழுக்கும்போதே அம்மாக்களைத் திட்டியவள். ஊர்க் கூட்டத்தில் யார் தேர்தலில் நிற்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். "பயந்தாங்கொள்ளிப் பயலுகளா, நானே நிக்கிறேன்" என்றாள் அவள்.

எதிரில் நின்றவர் பிரெண்டன் ஸ்கல்லி, தொகுதியின் இப்போதைய சட்டசபை உறுப்பினர். நல்ல மனிதர். எல்லோர் பெயரும் தெரியும். அவர்கள் நாய்களின் பெயரும் தெரியும். எந்தச் சாவுக்கும் முதலில் வருவார். வார்டை மூடச் சட்டசபையில் கை தூக்கியவரும் அவர்தான். மூடிய அன்று நேரில் வந்து அழுதார்.

கிளைவுக்கு அவரை நினைத்தால் தூக்கம் வரவில்லை. வாங்குபவன் வண்டியைப் பார்த்து வாங்குவதில்லை, விற்பவன் முகத்தைப் பார்த்து வாங்குகிறான். முப்பது வருட வியாபாரத்தில் அவன் கற்றது அது ஒன்றுதான்.

மத்தியானமே மன்னிப்புக் கேட்க நோரீனைக் கூட்டிப்போனான்.

"வில்மா, காலையில நான் சொன்னது தப்பு" என்றாள் நோரீன்.

வில்மா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. நீ பல வருஷமா இப்படித்தான் சுடுற. அப்பவே தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

வில்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பெட்ரோல் போடுமிடத்தில் ஒருவன் சிரித்தான். "கிளைவ், உன் ஆளு மன்னிப்புக் கேட்டாங்களாமே. அடுத்து யாருகிட்டக் கேக்கப் போறாங்க? சொல்லு, நானும் வந்து பாக்குறேன்."

ஓட்டுகள் கழன்று விழும் சத்தம் கிளைவுக்குக் கேட்டது.

துண்டுப் பிரசுரத்துக்கு நோரீன் அரசாங்கத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். வார்டைத் திற. திறக்கும்வரை உன் எந்த மசோதாவுக்கும் கை தூக்க மாட்டேன்.

"இதுல நீங்க எங்க?" என்றான் கிளைவ்.

"நான் எதுக்கு?"

"ஜனங்களுக்கு உங்களைத் தெரியணும்."

"தெரியாதவன் எவன் இருக்கான் இங்க? சரி, இதையும் போடு. சுகாதார இலாகாவிலேருந்து ஒருத்தன் சோதனைக்கு வந்தான். படுக்கையைக் குறைக்கணும்னான். அழுதுகிட்டே போனான். அப்புறம் அந்தப் பக்கமே வரல."

கிளைவ் அதை எழுதவில்லை. 'தோட்டக்கலையில் ஆர்வம் உள்ளவர்' என்று எழுதினான்.

"எனக்குத் தோட்டம் பிடிக்காது."

"இப்பப் பிடிக்கும். நாய் பிடிக்குமா?"

"பிடிக்காது."

நாயோடு படம் எடுப்பதாக முடிவானது. லாக்லன் என்ற விவசாயி தன் நாயைக் கொண்டுவந்தான். நோரீன் நாயைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"வயிறு தரையில உரசுது. என்ன போடுற இதுக்கு? நீ திங்கிறதையே போடுறியா? உன் வயிறும் அப்படித்தான் இருக்கு."

படத்தில் நாய் வாலைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு அவளிடமிருந்து விலகி நின்றது. பிரசுரம் ஊர் முழுக்கப் போனது. அடுத்த வாரம் எல்லோரும் கிளைவிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"அந்த நாயை என்ன பண்ணாங்க?"

கடைசியில் அவன் அவளைத் தன் ஷெட்டுக்குள் அழைத்துப்போனான். கதவை அடைத்தான். விற்காமல் நின்ற ஒரு காரில் ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினான்.

"பல்லைக் காட்டுங்க."

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"சிரிங்க, நோரீன்."

"எதைப் பாத்து?"

"எதையும் பாத்து இல்ல. சும்மா."

"சும்மா சிரிச்சா பைத்தியம்னு நானே ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன்."

"டாம்சினுக்காகச் சிரிங்க."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல் உதடு மட்டும் ஏறியது.

அந்தச் சிரிப்பை ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் திருவிழாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு குழந்தை அலறியது. "அழாத. உன்னை வெளிய எடுத்தவளே நான்தான்" என்றாள் நோரீன். அது இன்னும் அலறியது. பக்கத்துக் குழந்தையும் சேர்ந்துகொண்டது.

கிளைவ் விடவில்லை. தினமும் சாயங்காலம் ஷெட், கார், கண்ணாடி. கீழ் உதடும் வந்தது. பிறகு கன்னம் வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கண்ணும் வந்துவிட்டது.

ஒரு நாள் அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"கிளைவ், தபால்காரன் பதிலுக்குச் சிரிச்சான்."

"சிரிப்பான்."

"மார்க்கெட்டுல ஒரு பொண்ணு என் பையைத் தூக்கிக் கார்ல வச்சா. நான் கேக்கவே இல்ல." குரல் இறங்கியது. "அறுபத்தெட்டு வயசாச்சு. இது இவ்வளவு சுலபம்னு எனக்கு யாரும் சொல்லலையே."

மறுநாள் உதட்டுச் சாயம் பூசி வந்தாள்.

கிளைவ் புதுத் தட்டிகள் அடித்தான். தட்டி முழுக்க அவள் சிரித்த முகம். ஊருக்குள் வரும் ரோட்டில் இருபுறமும் நட்டான். இரண்டு நாளில் எல்லா முகத்தின் மேலும் வெள்ளைப் பெயின்ட். பெயின்ட் மேல் கறுப்பில் இரண்டு சொல்: வார்டைத் திற.

ஸ்கல்லியின் ஆட்கள் வேலை என்று நினைத்தான். மறுநாள் விடியும்போது வேலியோரம் காத்திருந்தான். வாளியும் பிரஷ்ஷுமாக வந்தவன் லாக்லன்.

"நீயா?"

"ஆமா" என்றான் லாக்லன். பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"நாயைப் பத்திச் சொன்னதுக்குப் பழி வாங்குறியா?"

"நாய் இளைச்சிருச்சு. அந்தம்மா சொன்னது சரிதான்."

"அப்புறம் எதுக்குய்யா இது?"

"மூஞ்சி இடத்தை அடைக்குது."

அவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று கிளைவ் முடிவுகட்டினான். முகத்தைப் பெரிதாக்கி வேறு தட்டிகள் அடித்தான். அதற்கேற்ப லாக்லன் எழுதிய எழுத்தும் பெரிதானது.

கடைசி வாரம் ஊர் மண்டபத்தில் வேட்பாளர்கள் கூட்டம். ஸ்கல்லி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். டாம்சின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரே கேள்விதான். இந்தக் குழந்தையும் ரோட்டோரத்துலதான் பொறக்கணுமா?"

ஸ்கல்லியின் கண் கலங்கியது. "டாம்சின், உன்னை நினைச்சு நான் அழாத நாள் இல்லம்மா" என்றார்.

நோரீன் எழுந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் ஸ்கல்லியை நோக்கி நீண்டது. மண்டபம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. முதல் வரிசையிலிருந்த கிளைவ் அவசரமாகத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

விரல் மடங்கியது. நோரீன் சிரித்தாள்.

"எல்லாரும் உக்காந்து பேசினா ஒரு வழி பிறக்கும்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நோரீன், உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

கிளைவ் கை தட்டினான். அவன் மட்டும்தான் தட்டினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் டாம்சின் கேட்டாள். "அப்பா, அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"பக்குவம் வந்திருக்கு."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"ஓட்டு வாங்க இதெல்லாம் வேணும்மா. உனக்கு வியாபாரம் தெரியாது."

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. வாசலில் ரொட்டிக்குள் வைத்து விற்கச் சாசேஜும் வெங்காயமும் பொரிந்தன. ஜனங்கள் நோரீனைப் பார்த்ததும் ரொட்டியை மெல்லுவதில் மும்முரமானார்கள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கிளைவ் தோல்விக்குத் தயாரானான்.

நோரீன் ஜெயித்தாள். ஓட்டு எண்ணிக்கையில் ஸ்கல்லி அவள் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் நேரில் வந்து அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தி அழுதார்.

அன்று மதுக்கடையில் கிளைவ் ஓரமாக உட்கார்ந்து தனியாகக் குடித்தான். ஷெட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அது தொழில் ரகசியம். ஆனால் கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஒரு முறை சிரித்துக்கொண்டான்.

அதற்கு மேலும் அதிர்ஷ்டம் இருந்தது. புதுச் சட்டசபையில் அரசாங்கத்துக்கு ஓர் ஓட்டுக் குறைந்தது. நோரீன் கை தூக்கினால்தான் பட்ஜெட் நிறைவேறும். முல்லவாராவே கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தது. அவள் சட்டசபைக்காகச் சிட்னிக்கு ரயில் ஏறியபோது ஸ்டேஷனில் இடமில்லை. அவளைப் பிடிக்கும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வராதவரும் இல்லை.

மே மாதம் அவளே போன் செய்தாள்.

"கிளைவ், மந்திரி அவர் கையாலேயே டீ ஊத்திக் குடுத்தாரு."

"வார்டு என்ன ஆச்சு?"

"குழு போடுறாங்க. ரெண்டு வருஷத்துல அறிக்கை வந்துரும்."

"ரெண்டு வருஷமா? நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அவங்களும் சிரிச்சாங்க. அறையில இருந்த அத்தனை பேரும். அவ்வளவு நல்ல மனுஷங்க, கிளைவ்."

"பட்ஜெட்டு?"

"கை தூக்கிட்டேன். அவ்வளவு மரியாதையாக் கேட்டாங்கப்பா. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"நோரீன், நீங்க கத்தவே இல்லையா?"

"சீச்சீ. அந்தப் பழக்கமெல்லாம் விட்டாச்சு." போனில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பு. "உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

ஜூன் நடுவில் ஒரு காலை டாம்சினுக்கு இடுப்பில் வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது, வலிக்கு அது தெரியவில்லை. கிளைவ் பின் சீட்டில் துண்டுகளை விரித்தான். வெந்நீர் பிளாஸ்க் வைத்தான். கத்தரிக்கோலை எடுத்தான், அவள் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, துண்டுக்குக் கீழே சொருகினான்.

வழியில் சாப்பிட ஏதாவது வேண்டுமென்று பேக்கரி வாசலில் நிறுத்தி ஓடினான்.

"பன்னு ஆறு குடு. சீக்கிரம், வில்மா."

வில்மா வெளியே காரைப் பார்த்தாள். பின் சீட்டைப் பார்த்தாள். பன்களைப் பையில் போட்டாள். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கவுன்டரில் அன்றைய பேப்பர் கிடந்தது. முதல் பக்கத்தில் மந்திரியும் நோரீனும் தோளோடு தோள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைப் பாத்தியா?" என்றாள் வில்மா. "எனக்கு வயிறு எரியுது, கிளைவ். முப்பது வருஷமா அவகிட்டத் திட்டு வாங்காத ஆள் இந்த ஊர்ல உண்டா? பெத்த வலியை மறந்திருக்கேன், அவ திட்டுனதை மறக்கல. அந்த வாயைக் கொண்டுபோய் அவனுங்க மேல அவுத்து விடணும்னுதானே ஊரே சேந்து ஓட்டுப் போட்டோம்."

வெளியே டாம்சின் பின் சீட்டிலிருந்து எட்டி ஹார்னை அழுத்தினாள். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வில்மா பையை நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"நீ அவகூடவே இருந்தவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவளுக்குச் சிரிக்கச் சொல்லிக்குடுத்தது எந்தப் பாவி?"