சைகோனம்மாள் சேர்ந்த கட்சிகள்

புதுச்சேரியில் அமைச்சரவைகளைக் கவிழ்த்தோர் பலர். அதற்காக அவர்கள் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். கை தூக்கித் தூக்கிக் களைத்தார்கள். கட்சியில் சேர்ந்த ஒரே செயலால் ஆட்சியைக் கவிழ்த்தவர், நான் அறிந்தவரை, எங்கள் தெருச் சைகோனம்மாள் ஒருவர்தாம்.

அவர் வியத்நாமில் பிறந்த பெண்மணி. சைகோன் துறைமுகத்தில் பணியாற்றிய நம்மூர்த் தமிழரை மணந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் நெல்லித்தோப்பில் எங்கள் எதிர்வீட்டில் குடியேறினார். கணவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை; இருவருக்குமாக அம்மையாரே பேசினார். எங்களூரார் நெம் என்றழைக்கும் இறைச்சிச் சுருளை வாசலில் பொரித்து விற்றார். தமிழைக் குழாயடியில் கற்றார். ஆதலால் அவருக்கு முதலில் வாய்த்தவை வசைச்சொற்கள். நலம் உசாவும் சொற்கள் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தன.

எங்கள் தெருவின் பெருந்துன்பம் சாக்கடை. தூர்ந்துபோன அவ்வாய்க்கால் ஒவ்வோர் ஐப்பசியிலும் அழையா விருந்தாக வீடுகளுக்குள் நுழைந்தது. என் நூலடுக்கின் அடித்தட்டிலிருந்த நிகண்டுகள் ஊறிப் பருத்து மேல்தட்டுக்கு ஏறின. அம்மையாரின் அடுப்பு மிதந்தது. நான் விண்ணப்பம் எழுதினேன். அவர் நேரே ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளரிடம் போனார்.

செயலாளர் சோடாத் தொழில் செய்தவர். ஊரில் அவர் பெயரே சோடா.

"கட்சியில இல்லாதவங்களுக்கு எப்படிம்மா செய்யறது? மேல கேப்பாங்கல்ல?"

"அவ்ளோதானே? சேத்துக்கோ."

கையொப்பமிட்டார், மாலை விழுந்தது. அந்த வாரமே ஆட்சியும் விழுந்தது.

மறுதேர்தலில் வேறொரு கட்சி வென்றது. அதன் வட்டச் செயலாளரைக் காண அம்மையார் சென்றார். அங்கும் சோடாவே வீற்றிருந்தார். தோளில் அதே துண்டு. கரையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"நீ அங்க இருந்தியே?"

"கொள்கை வேறுபாடும்மா. நீங்களும் வந்துடுங்க, சாக்கடைய முடிச்சுடலாம்."

அம்மையார் வந்தார். அந்த ஆட்சியும் கவிழ்ந்தது.

சோடாவைப் போன்ற பெருமக்கள் இங்குமங்கும் தாவியதே இதற்குக் காரணம் என்பதை ஊர் அறியும். ஆயினும் தாவியவர்க்குப் பொன்னாடையும் சேர்ந்தவர்க்குப் பழியும் வந்தன. "அந்தம்மா கால் வெச்ச எடம் வெளங்காது. சைகோனே அவங்க கெளம்பினப்புறம்தான் விழுந்துச்சு" என்று தேநீர்க்கடையில் தீர்ப்பளித்துவிட்டார்கள். இதை நான் வருத்தத்தோடு அவரிடம் தெரிவித்தேன்.

"நான் பொறந்த ஊர்ல பீரங்கி வெச்சுக் கவுத்தாங்க, வாத்தியாரய்யா. இங்க பிரியாணி போட்டே கவுத்துடறாங்க. இதுக்கு நான் எதுக்கு?" என்று நெம்மைத் திருப்பிப் போட்டார்.

எண்பதுகளில் மூன்றாம் ஆட்சி அமைந்தது. இம்முறை அம்மையாரோடு நானும் சென்றேன். புதுக்கரைத் துண்டணிந்திருந்த சோடா எங்களைக் கண்டதும் பின்கட்டுக்கு நழுவ முயன்றார்.

"சோடா, ஒக்காரு. பேனா குடு."

"எதுக்கும்மா பேனா?"

"கட்சியில சேரணும்."

"இப்ப சேக்கறது இல்லீங்களே."

"அப்ப தலைவர் வீட்டுக்கே போறேன். பேப்பர்காரங்கள வரச் சொல்லி, மாலையோட சேந்துக்கறேன்."

சோடாவுக்கு வியர்த்தது. "அம்மா, இப்பதான் வாரியத்துல ஒரு பதவி வாங்கியிருக்கேன். புள்ளகுட்டிக்காரன்."

"எனக்கும் வீடு இருக்குது. தண்ணிக்குள்ள."

"சரி, சாக்கடைய கட்டிட்டா?"

"எதிர்க்கட்சியில சேந்துடறேன்."

அடுத்த மழைக்கு முன்னரே கல்லும் சுண்ணாம்பும் வந்திறங்கின. வாய்க்கால் ஆழமாக்கப்பட்டு, மேலே பலகைக் கற்களும் பதிக்கப்பட்டன. செய்தியறிந்து நடுங்கியது எதிர்க்கட்சி. அவர் தன்னிடம் வந்து சேராதிருக்கும் பொருட்டு, எங்கள் தெருவிளக்குக்காக அது ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தது. விளக்கும் எரிந்தது. எப்பதவியும் வகியாமல் இத்தனை நன்மை செய்த வேறோர் அரசியலாளரை நான் கண்டதில்லை. பதவி வகித்து ஒன்றும் செய்யாதவர்களையோ எண்ணி மாளாது.

ஒரேயொரு முறை குடைச் சின்னத்தில் சுயேச்சையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். எங்கள் தெருமுனை மேடையில் சோடா, "எங்கிருந்தோ வந்தவருக்கா உங்கள் பொன்னான வாக்கு?" என்று முழங்கினார். கூட்டத்தின் நடுவிலிருந்து அம்மையார் குரல் கொடுத்தார்.

"நான் ஒரு தடவதான் வந்தேன், சோடா. நீ எத்தினி தடவ வந்த, எத்தினி தடவ போன?"

கூட்டம் சிரித்தது, கைதட்டியது, வாக்கை மட்டும் வேறிடத்தில் இட்டது. அம்மையார் படுதோல்வி அடைந்தார். "அவங்க உள்ள போனா அதுவும் கவுந்துடும்ல? வெளியில இருக்கறதுதான் நமக்கு நல்லது" என்று, உலர்ந்த தரையில் அமர்ந்து எங்கள் தெருவார் விளக்கம் சொன்னார்கள். நன்றியை இத்துணை நயமாகக் கைகழுவ எங்கள் தெருவாரால்தான் இயலும். அவர் எங்கிருந்தோ வந்தவர் என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் மாலையும் அம்மையார் அடுப்பு மூட்டினார். நெம் வாங்க வந்த ஒவ்வொருவரையும் கேட்டார்.

"எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"போட்டேன்கா. சத்தியமா."

"நீயுமா? அப்ப நான் ஜெயிச்சிருக்கணுமே. சரி, சூடா இருக்குது, சாப்புடு."

என் முறை வந்தது. என்னை அவர் கேட்கவில்லை; பொட்டலத்தை நீட்டினார். வாய்க்கால் கட்டிய ஆண்டே, அவரை நம்பி, என் நிகண்டுகளை நான் மீண்டும் அடித்தட்டில் அடுக்கிவிட்டதை, ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அவர் பார்த்திருந்தார்.

அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன.