பனிப்பந்தல்காரர்

ராஜபாளையத்தில் பனியைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் பனிப்பந்தல், நேரில் கூப்பிட்டால் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கல்யாணமோ துக்கமோ, அவர் பந்தல்தான். நாற்பது வருஷம் வெயிலை வெளியே நிறுத்திப் பிழைத்தவர், வயதான காலத்தில் திடீரென்று குளிரை வெளியே நிறுத்தக் கிளம்பினார். காரணம் ஒரே மகன் செல்வம். ராணுவத்தில் சேர்ந்து வடக்கே பனிமலை எல்லையில் இருந்தான். "நாங்க விடுத மூச்சே கூடாரத்துக்குள்ள உறைஞ்சு மூஞ்சில விழுதுப்பா" என்று ஒருநாள் போனில் சொன்னான். முடிச்சை அவிழ்க்கக் கையுறையைக் கழற்றிய ஒருவனுக்கு இரண்டு விரல் போனதையும் சேர்த்துச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே ஒரு துக்க வீட்டில் அண்ணாச்சி இரண்டு ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டு பந்தல் கட்ட ஆரம்பித்தார். அக்கினி நட்சத்திர வெயில். கயிறு கைக்குச் சிக்குவேனா என்றது.

"அண்ணாச்சி, எங்க மாமாவத் தூக்குறதுக்குள்ள பந்தல் நிக்குமா?" என்றார் இறந்தவரின் மருமகன்.

"கையுறையக் கழட்டுனா விரல் போயிரும் தம்பி."

"இங்கயா?"

"எம்மவன் இருக்கிற எடத்துல."

மாமா கிளம்பிப் போன பிறகுதான் பந்தல் முடிந்தது. அடுத்த மாதத்துக்குள் அண்ணாச்சி முடிச்சையே ஒழித்துவிட்டார். கயிற்று நுனியில் ஒரு மரமுளை, எதிர்ப்பக்கம் ஒரு வளையம். கையுறையோடு கோத்தால் பன்னிரண்டு நிமிஷத்தில், மகனுக்கென்று அவர் தைத்த கூடாரம் நின்றது. அதற்குள் துக்க வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

கூடாரத்துக்கு இரட்டைத் துணிச் சுவர், நடுவே பஞ்சு. சோதித்துப் பார்க்க ஐஸ் கம்பெனியில் ஐஸ் அடுக்கும் அறையைக் கேட்டு வாங்கினார். உள்ளே படுக்க இன்னொரு ஆள் வேண்டும். "நீங்க உடம்பு கனத்த ஆளு தம்பி. மூச்சும் நெறைய விடுவிய" என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். தகுதி அடிப்படையில் எனக்குக் கிடைத்த ஒரே நியமனம் அது.

காலை பத்து மணிக்குப் படுத்தோம். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். பதினொன்றரைக்குச் சுவருக்குத் தொப்பை விழுந்தது. பன்னிரண்டுக்குக் கூரை, நனைந்த மெத்தை மாதிரி என் முகத்தில் இறங்கியது.

"உள்ள உசுரோட இருக்கியளா?" என்று ஐஸ் கம்பெனி முதலாளி கத்தினார்.

"நான் இருக்கேன். தம்பியத்தான் பாக்கணும்" என்றார் அண்ணாச்சி, என் மேல் கிடந்தபடி.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஊரெல்லாம் பேண்டேஜ் கம்பெனி என்பதால் எங்களுக்குப் பஞ்சு என்றால் அந்தக் கம்பெனிப் பஞ்சுதான். ரத்தத்தைக் குடிப்பதற்கென்றே எண்ணெய்ப்பசை போக வெளுத்த பஞ்சு. எங்கள் மூச்சின் ஈரம் முழுவதையும் அது கடமை தவறாமல் குடித்திருந்தது. அண்ணாச்சி ஒரு கைப்பிடி பஞ்சைப் பிழிந்தார். தண்ணீர் ஒழுகுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்குள்ளயா எம்மவனப் படுக்க வைக்கப் பாத்தேன்?" என்றார். தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த கதையை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வெளுக்காத பஞ்சு, உள்பக்கம் பிளாஸ்டிக் தாள், மூச்சு வெளியேற உச்சியில் துளை என்று எல்லாவற்றையும் மாற்றினார். இரண்டாவது தடவை நாலு மணி நேரம் கிடந்தோம். பொட்டு ஈரமில்லை.

செல்வம் லீவில் வந்தான். உள்ளே நுழைந்து சுவரைத் தடவிப் பார்த்தான்.

"நல்லாருக்குப்பா. ஆனா அங்க கொண்டுபோக விடமாட்டாவ."

"ஒரு மூட்டைதானலே?"

"அவிய குடுக்கிறதுலதான் படுக்கணும்."

ராணுவ மேலிடத்துக்கு நான் ஆங்கிலத்தில் மனு எழுதினேன். பதில் வரவில்லை. என் ஆங்கிலத்தைப் படித்தவர்கள் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. மகனை வழியனுப்ப ரயில் நிலையம் வரை மூட்டையைத் தலையில் சுமந்து போனவர், அப்படியே திரும்பவும் சுமந்து வந்தார்.

மார்கழியில் செல்வத்தின் போன் நின்றது. அந்தப் பக்கம் பனிப்புயல் என்று மட்டும் செய்தி. அண்ணாச்சி தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். ஏசிக்கு நேர் கீழே பெஞ்சில், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு மேல குளிராக்க முடியாதா தம்பி?"

"பதினாறுதான் கடைசி, அண்ணாச்சி."

"அவன் இருக்கிற எடம் இதவிட எம்புட்டுக் கீழ?"

நான் மேஜையில் இருந்த ஃபைலைப் புரட்டினேன்.

பதினோராம் நாள் அந்த பெஞ்சில் இருக்கும்போதே போன் வந்தது. செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலில் மூன்று விரல் போய்விட்டது.

"கூடாரத்துக்குள்ள பனி விழுந்துச்சாலே?"

"விழுந்துச்சுப்பா. எல்லாம் நனைஞ்சுபோச்சு."

அண்ணாச்சி போனை மடியில் வைத்தார். தான் பயந்ததுதான் சரி என்று ஆன மனிதருக்கு அப்படியொரு முகம் இருந்து நான் பார்த்ததில்லை. "மூட்டைய அந்த ரயிலுக்குள்ள தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கணும்" என்றார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

"இனிமேலாவது அந்த ஏசியைக் குறைங்க சார், ஆபீசே தும்முது" என்றார் மேனேஜர். நான் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அண்ணாச்சி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.