தாத்தாவுக்குப் போட்ட பாய்

அழைப்புக்காக அனுப்பிய தேயிலைப் பொட்டலம் சொட்டச் சொட்ட நனைந்து நைங் டுன்னிடமே திரும்பி வந்தது.

"பாலத்துக்கு இந்தப் பக்கமும் பந்தல், அந்தப் பக்கமும் பந்தல். குழாய வச்சு அடிக்கிறானுங்க. இதை இப்படியே கொண்டு போய் உன் மாமனார்கிட்ட நீட்டினா, என் மூஞ்சியிலயே பிழிஞ்சு விடுவாரு" என்றார் பக்கத்து வீட்டு ஊ பா டின். அவருடைய மோட்டார் சைக்கிளிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

தண்ணீர்த் திருவிழாவின் முதல் நாளில், பக்கோக்கூவிலிருந்து மின்ஜானுக்குப் பொட்டலம் அனுப்பியது தன் மடத்தனம்தான் என்று நைங் டுன்னுக்குப் புரிந்தது. ஆனால் என்ன செய்வது? திருவிழா முடிந்து பிறக்கும் புத்தாண்டன்று மகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஊறவைத்த தேயிலை போய்ச் சேராத வீடு, அழைக்காத வீடு. அதிலும் இது பெண்டாட்டியைப் பெற்றவர் வீடு.

அந்த மாமனார் ஊ ஷ்வே மாவ் மின்ஜானில் பயறு மண்டி வைத்திருந்தார். போர்வைக் கடைக்காரன் நைங் டுன்னோடு மகள் யமின் ஓடிப்போன அன்று, "இந்த ஷ்வே மாவ் அந்தப் போர்வைக்காரன் வீட்டுப் படிய மிதிக்க மாட்டான்!" என்று டீக்கடை நடுவில் நின்று சத்தியம் செய்தவர். மருமகன் அவரை நிதானமாகப் பார்த்ததுகூட இல்லை. பெரிய மீசை, பறக்கும் முடி, கையில் விறகுக் கட்டை என்று ஒருவர் துரத்தி வந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"அப்பா வந்து பிள்ளைய ஒரு தடவை மடியில வச்சுக்கிட்டாப் போதுங்க" என்று யமின் பிரசவம் ஆனதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உட்காருவதற்கென்று புதுப் பாய்கூட வாங்கி வைத்திருந்தாள்.

சரி, போனில் அழைத்துவிடலாம் என்று பார்த்தான். மாமனாரின் தங்கைதான் எடுத்தாள்.

"அண்ணன் ஊர்ல இல்லப்பா."

"எங்க போயிருக்காரு அத்தை?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"யாருகிட்ட?"

"முக்கியமா உன்கிட்ட."

நைங் டுன்னுக்குச் சுருக்கென்றது. "அவரு அங்கதான் உக்காந்திருக்காரு. மீசைய முறுக்குற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!"

"மீசையா?" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் தானே கிளம்பினான். பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பொட்டலம் தப்பித்தது, அவன்தான் தப்பவில்லை. வழியில் ஊற்றிய தண்ணீரில் மூக்கு அடைத்துப் போய் மின்ஜானில் இறங்கினால், மாமனார் வீட்டு வாசல் கம்பிக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. மாடி ஜன்னல் திறந்தது. அத்தை ஒரு கிண்ணம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள்.

"போன வருஷத்துப் பாவமெல்லாம் கழியட்டும் தம்பி! வீட்டுக்குப் போ. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

திருவிழாத் தண்ணீருக்குக் கோபப்படக் கூடாது. ஆகவே கோபத்தை அப்படியே அடக்கி, தும்மலோடு சேர்த்துப் பக்கோக்கூவுக்குக் கொண்டு வந்தான்.

"வாசலைப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்காரு உங்கப்பா. அவரு வரமாட்டாரு, விடு."

யமின் புதுப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. தாத்தா இடம் காலியாகக் கிடந்தால் ஊர் சிரிக்கும் என்று, ஊ பா டின்னைப் பிடித்துக் கெஞ்சி, புத்தாண்டுக் காலையில் அந்தப் பாயை விரித்து அவரை உட்கார வைத்தான். திருவிழா தொடங்கியதிலிருந்து பனங்கள்ளிலேயே மிதந்துகொண்டிருந்த மனிதர் அவர். பிக்குகள் வந்து அமர்வதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

பெரிய பிக்குவும் இன்னும் சிலரும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓதினார்கள். குழந்தைக்குச் சூ மோன் என்று பெயர் வைத்தார்கள். காப்பு நூல் கொடுக்கும்போது, கடைசியில் இருந்த பிக்கு தாமே கட்டிவிடப் போவதுபோலக் குழந்தையின் கையை நோக்கிக் குனிந்தார். பெரிய பிக்கு தொண்டையைச் செருமினார். கைக்குழந்தை ஆனாலும் பெண் பெண்தானே, துறவி தொடலாமா? அவர் சட்டென்று கையை இழுத்து, நூலைத் தலையணை மேல் வைத்தார். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். திருவிழா விடுமுறையில் சில நாட்களுக்கு மட்டும் துறவியாகித் துவராடை உடுத்தும் புதியவர்கள் இப்படித்தான்.

அடுப்படியிலிருந்து குழம்போடு வந்த யமின் ஒவ்வொருவரையும் வணங்கிப் பரிமாறினாள். கடைசி பிக்குவின் முன்னால் கரண்டியைத் தவறவிட்டாள். தரையில் நெற்றி பதித்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்பனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நைங் டுன் எண்ணிக்கொண்டான். பாயில் ஊ பா டின் வேறு குறட்டை விட்டார்.

"பெரிய சாமி, மனசு பொறுக்காமச் சொல்றேன். இவளைப் பெத்த மனுசன் இருக்காரே, பேத்திய விட அவருக்கு வீம்புதான் பெருசு!"

யமின் அவன் தொடையைக் கிள்ளினாள்.

"கிள்ளாத. ஊருக்குத் தெரியட்டும். பயறு விக்கிற ஆளு, மனசும் பயறு அளவுதான் இருக்கு! இனிமே அந்த ஆளு வந்து வாசல்ல தவம் கிடந்தாலும் என் பிள்ளைய அவரு கையில குடுக்க மாட்டேன். புத்தர் முன்னால சத்தியம்!"

கடைசி பிக்கு வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திருவோட்டில் மெல்ல வைத்தார். எல்லோரும் எழுந்து போனார்கள். யமின் குழந்தையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு வெறிச்சோடியபோதுதான் நைங் டுன்னுக்குத் தான் பேசியது காதில் விழுந்தது. டீக்கடையில் அந்த மனிதர் செய்ததையே தானும் செய்துவிட்டோமே, நல்ல நாளும் அதுவுமாக இந்த நாக்கை அடக்கியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. கதவருகில் போய் நின்றான்.

"யமின், நான் பேசினது தப்பு. நாளைக்கே மின்ஜான் போவோம். உங்கப்பா கால்ல விழுந்து, நானே பிள்ளைய அவரு மடியில வைக்கிறேன். அழாதே."

உள்ளே அழுகை கூடியதே தவிர, கதவு திறக்கவில்லை.

அப்போது மடத்து வேலைகளைப் பார்க்கும் ஊ மியா, விட்டுப்போன விசிறி ஒன்றை எடுக்க வந்தார்.

"கடைசியா உக்காந்திருந்தாரே, அந்தப் புதுச் சாமியோடதா?" என்று நைங் டுன் தேடி எடுத்துக் கொடுத்தான்.

"அவரோடதுதான். மின்ஜான் பயறு மண்டிக்காரரு. 'சத்தியம் பண்ணினது ஷ்வே மாவ்தான், சாமி படியேறினா தப்பில்ல'ன்னு திருவிழாவுக்கு மட்டும் காவி வாங்கினாரு. நாளைக்கு அதைக் கழட்டிட்டுப் பேத்தியத் தூக்கப் போறேன்னு குதிச்சவரு, இங்கேருந்து வந்ததும் பெரிய சாமி கால்ல விழுந்து, 'சாகிற வரைக்கும் இதுலயே இருந்துடுறேன்'னுட்டாரு."