மாமனாரின் பெட்டி இனி எங்கள் வீட்டில்

மதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை பணிவுடனும் அதைவிடச் சற்றுக் கூடுதலான மகிழ்ச்சியுடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் மைத்துனியும் சௌக்கியம். அங்கு நீங்கள் சௌக்கியமாக இருப்பது போனில் உங்கள் குரல் ஏறுகிற உயரத்திலேயே தெரிந்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போனிலேயே இதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குச் சாதகமான செய்தி என்றால் உங்கள் வீட்டு வாசலில் அந்த நேரம் பார்த்து யாராவது வந்து மணி அடித்துவிடுகிறார்கள். கடிதம் என்றால் நீங்கள் முழுவதும் படித்தே ஆகவேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி ஸ்பீக்கரை நாம் இருவரும் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கினோம். அக்காவும் தங்கையும் எதை வாங்கினாலும் ஒன்றுபோலத்தான் வாங்குவார்கள் என்பதால் நமக்கு வேறு வழியும் இல்லை. மலிவு ரகமும் இல்லை, வீட்டை அடகு வைக்கிற ரகமும் இல்லை, நடுவாந்திரம். 'நம்மள மாதிரி' என்று நீங்கள்தான் கடையில் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் மாமனார் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார். முப்பது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் டபுள் பேஸ் என்கிற, அடிக்குரல் மட்டும் எழுப்புகிற ஆள் உயர வயலினை நின்றுகொண்டே வாசித்த மனிதர். பின்வரிசையில் கதவோரம் நிறுத்திவிடுவார்களாம். வெளியான இசைத்தட்டுகளை வீட்டில் எந்தக் கருவியில் போட்டாலும் பாட்டு கேட்கும், வயலின் கேட்கும், இவர் மட்டும் கேட்கமாட்டார். இப்போது காது டாக்டர் வேறு, கேட்கும் திறன் உச்சக்குரலிலிருந்து குறைந்துகொண்டு வருகிறது, அடிக்குரல்கள் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தெளிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அதனால்தான், "யார் வீட்ல என் வாசிப்பு எனக்குக் கேக்குதோ, அந்த வீட்டுக்கு என் தட்டுப் பெட்டி" என்று அறிவித்தார். அறுபத்திரண்டு இசைத்தட்டுகள். நமக்கு அது பெட்டி. அவருக்கு, தான் அங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான். இதைப் போட்டி என்று நினைத்தது நாம்தான்.

முதலில் உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் ஸ்பீக்கர் இரண்டையும் ஷோகேஸுக்குள் திணித்து, பக்கத்தில் கோப்பைகளையும் பொம்மைகளையும் நிறுத்தி, ஷோகேஸையே மூலையில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அது போடுகிற முழக்கத்தில் ஜன்னல் அதிர்ந்தது, பொம்மைகள் நடந்தன. "பாத்தீங்களா மாமா, அதிருது!" என்று நீங்கள் பெருமைப்பட்டீர்கள். அவரோ, "ஒரே கும்முனு இருக்கு மாப்பிள்ளை. யாரு எதை வாசிக்கறாங்கன்னே பிடிபடல" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கே நடந்ததைப் பத்து மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம் 'நல்லா இருக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் ஸ்பீக்கரில் அடிக்குரலே இல்லை. பாடுகிறவருக்கு இடுப்புக்குக் கீழே உடம்பில்லாத மாதிரி ஒரு சத்தம். அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. மாமனார் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கு லீவு போலிருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை எழுதினால் தபால் தலை இன்னொன்று ஒட்டவேண்டி வரும், இருந்தாலும் எழுதுகிறேன். செங்கல் மேல் வைத்துப் பார்த்தேன், சமையல் மேடைக்குப் போட்டதில் மிஞ்சிய கிரானைட் பலகை மேல் வைத்துப் பார்த்தேன், அந்தப் பலகை என் கால் கட்டைவிரல் மேல் இறங்கியதில் பதினைந்து நாள் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்தேன், பிறகு சுவரில் சத்தம் எதிரொலிக்கிறதோ என்று மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்து அன்று ராத்திரி முழுவதும் வெறும் கட்டிலில் படுத்தோம், உங்கள் மைத்துனி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாத விதம் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் அதே ரகம்தானே. மாமனாரைத் திரும்ப வரவழைத்து நாற்காலியோடு ஹாலில் ஏழு இடத்துக்கு நகர்த்தினேன். பாவம், நல்ல மனுஷன், சொன்ன இடத்தில் எல்லாம் உட்கார்ந்தார். கடைசியில் கைகழுவப் போனவர் குளியலறைக்குள்ளிருந்து, "மாப்பிள்ளை, இங்க லேசா கேக்குது! டும்முனு ஏதோ கேக்குது!" என்று கூப்பிட்டார். ஓடினேன். உண்மைதான், வாளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அடிக்குரல் இருந்தது. நாற்காலியை அங்கே போட்டுவிடலாமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மாமனார்தான், "என் வாசிப்பக் கேக்க நான் பாத்ரூம்ல உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கல்லாவில் இருந்தவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், பிளஸ் மைனஸ் சரியா குடுத்திருக்கீங்களா?" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "முப்பத்திரண்டு வருஷம் வயரிங் வேலை பாத்தவன்யா நான். இந்த ஊர்ல பாதிப் பள்ளிக்கூடத்துக்கு லைட் போட்டது இந்தக் கை. என்னைப் பாத்தா பிளஸ் மைனஸ் கேக்கற?" என்று கத்திவிட்டு, கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க விறுவிறுவென்று வெளியே வந்தேன். வெயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான் குடையை மறந்தது தெரிந்தது. திரும்பிப் போக ரோஷம் விடவில்லை. அது இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது.

போன வியாழக்கிழமை உங்கள் மைத்துனி ஹாலைப் பெருக்கினாள். இடது பக்க ஸ்பீக்கரின் வயர் துடைப்பத்தில் மாட்டுகிறது என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டவில்லை. நான் கடைத்தெருவிலிருந்து வந்து பாட்டைப் போட்டேன். போட்டவன் அப்படியே நின்றுவிட்டேன். கீழே இருந்து தண்டியாக, உருண்டையாக, டும் டும் என்று ஒரு சத்தம்! "ஏய், இங்க வா, சரியாயிடுச்சு!" என்று கூவினேன். அவள் வந்து பார்த்து, "சரியாகல. ஒண்ணுதான் பாடுது. இன்னொண்ண நான் கழட்டிட்டேன்" என்றாள். மாட்டினாள், டும் டும் போய்விட்டது. கழற்றினாள், வந்துவிட்டது. மறுபடி மாட்டினாள், போய்விட்டது. பிறகு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சேந்தா கெட்டுப்போகுது. அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுதுங்க. நீங்களும் அத்தானும் மாதிரி."

எனக்குப் பொறி தட்டியது. வாங்கிய அன்று ஸ்பீக்கரோடு வந்த வயர் மெல்லிசாக இருக்கிறது என்று தூக்கி எறிந்துவிட்டு, என் பையில் மிச்சமிருந்த கெட்டி வயரைப் போட்டவன் நான். அதில் இரண்டு கம்பியும் ஒரே வெள்ளை நிறம். எது எங்கே போகிறது என்று பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவேண்டும்? பல்புக்கு எந்தக் கம்பியை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும், மின்விசிறியும் அதே திசையில்தான் சுற்றும். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஸ்பீக்கர் அப்படி இல்லையாம். ஒன்றில் கம்பி மாறிவிட்டால், இது காற்றை முன்னே தள்ளுகிறபோது அது பின்னே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் அடிக்குரல் செத்துப்போகும். "இது பல்பு இல்லையே" என்றாள் உங்கள் மைத்துனி, அதோடு விட்டது அவளுடைய பெருந்தன்மை. ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன், இரண்டு கம்பியை மாற்றிப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. பத்து மாதம்!

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியையும் டாக்ஸியில் கொண்டுவந்திருந்தார். நாற்காலியை நடுவில் போட்டு, அவர் கையாலேயே தட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, முள்ளை இறக்கினேன். முதலில் வயலின்கள், பிறகு பாட்டு. அப்புறம் அவருடைய இடது கை விரல்கள் நாற்காலிக் கையின்மேல் தானாக நகர ஆரம்பித்தன. சத்தம் வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. அவர் கண்ணைத் திறக்காமல், "மாப்பிள்ளை, அது நான்தான்" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும், "நான்தான் அது." உங்கள் மைத்துனி சமையலறைக்குப் போய்விட்டாள், அங்கே வேலை ஒன்றும் கிடையாது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, எழுத வெட்கமில்லை. நான்கு தடவை போடச் சொன்னார். பிறகு எழுந்து, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போய் என் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, "இது இனிமே இங்கதான்" என்றார். நான்கு நாளாக இங்கேயே தங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஒவ்வொரு தட்டாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சகலை அவர்களே, தோல்வியைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தோற்றவருக்கு என்னால் ஆன உதவியாக இலவச ஆலோசனையும் தருகிறேன். ஸ்பீக்கரை ஷோகேஸிலிருந்து வெளியே எடுங்கள், சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுங்கள், காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள், பொம்மைகளுக்கு ஓய்வு கொடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். செய்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வயரைச் சரிபார்த்துத் தருகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நல்ல ஆரோக்கியமும் உங்கள் காதுகளுக்கு நல்ல காலமும் வாய்க்கட்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற இளைய சகலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். மாமனார் கூப்பிட்டார். திரும்ப வந்து, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கேட்ட அந்த ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ரெண்டாவது சரணத்துல பாருங்க மாப்பிள்ளை. எல்லாரும் கீழ இறங்கி வர்றாங்க. நான் ஒருத்தன் மட்டும் மேல ஏறிப் போறேன்" என்றார். போட்டுக் காட்டினார். எனக்கே கேட்டது. அன்றைக்கு ஒலிப்பதிவில் யாரோ தப்பாக வாசித்தது தெரிந்து, பக்கத்தில் செல்லோ என்கிற சற்றுச் சின்ன அடிக்குரல் வயலினை வாசித்தவரைத் திட்டினார்களாம், மறுபடி எடுக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். "நாப்பத்தாறு வருஷமா நானும் அந்த ஆளத்தான் தப்பு சொல்லிட்டிருந்தேன். அவரு போய்ச் சேந்தும் ஆறு வருஷமாச்சு" என்றார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். "பெரிய மாப்பிள்ளை வீட்டு ஸ்பீக்கர்தான் நல்ல ஸ்பீக்கர். அதுல எல்லாரும் சரியா வாசிக்கறாங்க" என்றார். பெட்டியோடு அவரை உங்கள் வீட்டுக்கு நானே சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், ஒட்டித்தான். மேலே எழுதிய ஆலோசனை எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள்ளேயே, மூலையிலேயே, பொம்மைகளோடு இருக்கட்டும். அவர் அந்தப் பாட்டைப் போடச் சொன்னால், அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.