திவான் இரண்டு முறை வந்தான்

ரிசப்ஷன் அக்கா பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார். உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினார், துடைத்தார், பைக்குள் வைத்தார், ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பார்த்தீங்களா தம்பி? இன்னைக்கு யார் யார் வர்றாங்கன்னு ஒரு லிஸ்ட். அதைக் காட்ட உங்க புரோகிராமுக்கு இவ்வளவு நேரம். வெளியில உட்கார்ந்திருக்கிற நாயெல்லாம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுது."

புரோகிராமர் தலையைச் சொறிந்தார். அந்தப் பிராணிகள் ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவரே. பழியைத் தூக்கிப் போட அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது.

"மதியத்துக்குள்ள சரி பண்ணிடறேன் அக்கா."

"பண்ணுங்க. நாலு மணிக்கு உங்க வீட்டுப் பூனைக்கே அப்பாயின்ட்மென்ட் இருக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? காலையிலிருந்து மனைவி நான்கு முறை போன் செய்துவிட்டாள். இதோ ஐந்தாவது.

"என்னங்க, இன்னைக்கும் வாயே வைக்கலை. எட்டு நாளாச்சு. தட்டை மோந்து பார்க்குது, என்னை ஒரு பார்வை பார்க்குது, போயிடுது."

"அதான் டாக்டரம்மா பார்க்கப் போறாங்கல்ல?"

"மயக்க ஊசி போட்டு, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமாம். போன்ல சொன்னாங்க. அது தாங்குமாங்க?" என்றாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், சமையலறை ஜன்னல் வழியாகத் தானே உள்ளே வந்து, புரோகிராமரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த பூனை அது. எழுந்திருக்கச் சொன்னதற்கு ஏன் என்பதுபோல் பார்த்தது. அன்றே திவான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பகல் முழுக்கத் தனியாக இருக்கும் மனைவிக்கு அதுதான் பேச்சுத்துணை. புரோகிராமருக்கும் அதன்மேல் உயிர்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். போனை வைக்குமுன் அதில் இருந்த திவானின் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அதற்காக வேலை நிற்குமா? உட்கார்ந்தார்.

கோளாறு இன்னதென்று அவருக்குத் தெரியும். புரோகிராமுக்கும் தகவல் குவிந்து கிடக்கிற கிடங்குக்கும் நடுவே ஓடியாட ஓர் எடுபிடி மென்பொருள் உண்டு. அதை இரண்டு விதமாக வேலை வாங்கலாம். ஒன்று லேசி லோடிங். பெயரே சொல்லிவிடுகிறது, சோம்பேறி. நாயின் பெயரைக் கேட்டால் பெயரை மட்டும் எடுத்துவரும். சொந்தக்காரர் யார் என்றால் மறுபடி கிடங்குக்குப் போகும். என்ன உபாதை என்றால் இன்னொரு நடை. அறுபது பிராணிக்கு அது இருநூறு நடை நடந்துகொண்டிருந்தது. இன்னொன்று ஈகர் லோடிங். முந்திரிக்கொட்டை. கேட்பதற்கு முன்பே சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

புரோகிராமர் சோம்பேறியை வேலையிலிருந்து தூக்கிவிட்டு முந்திரிக்கொட்டையை வைத்தார். சோதித்துப் பார்க்கத் தன் வீட்டுப் பூனையின் பதிவையே எடுத்து, ஒரு தட்டு தட்டினார்.

திவான் வந்தான். கூடவே மனைவி பெயர் வந்தது. திவானைப் பார்க்கப்போகும் டாக்டரம்மா வந்தார். டாக்டரம்மாவிடம் வருகிற அத்தனை பிராணிகளும் வந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள், அந்தச் சொந்தக்காரர்களின் மற்ற பிராணிகள், அவற்றின் எக்ஸ்ரே படங்கள், போன வருஷம் செத்துப்போன ஒரு கிளி எல்லாம் வந்தன. பிறகு எதுவுமே வரவில்லை. கணினி மூச்சை நிறுத்திவிட்டது.

உள் அறையிலிருந்து டாக்டரம்மா கத்தினார். "என் ஸ்க்ரீன்ல எதுக்கு ஆமை எக்ஸ்ரே வருது? நான் முயலைப் பார்த்துட்டிருக்கேன்!"

"ஒரு நிமிஷம் டாக்டர்!"

"முயலுக்கு ஓடு இருக்குன்னு நான் எழுதி வைக்கவா?"

டாக்டரம்மா இங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு மரியாதை.

புரோகிராமர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முந்திரிக்கொட்டைக்குக் கடிவாளம் போட்டார். பிராணி, சொந்தக்காரர், உபாதை, சிப் எண். இந்த நான்கைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. சிப் என்பது அரிசி அளவில் கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும். ஆஸ்பத்திரியில் பதியும்போது கருவியை வைத்து எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண் வரிசையிலேயே பட்டியலை அடுக்கினார்.

பட்டியல் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

"அட! இதை முன்னாடியே செஞ்சிருக்கக்கூடாதா தம்பி?" என்றார் ரிசப்ஷன் அக்கா. அவர் முகத்தில் இப்படிச் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்காயிற்று.

ஆனால் புரோகிராமர் சிரிக்கவில்லை. அவருடைய பூனையின் சிப் எண் பட்டியலில் இரண்டு முறை இருந்தது. நான்கு மணி, திவான், 'சாப்பிடுவதே இல்லை'. அதற்கு அடுத்த வரியில் ஐந்து மணி, மாப்பிள்ளை, 'எடை கூடிக்கொண்டே போகிறது'. சொந்தக்காரர் யாரோ ஒரு டீச்சரம்மா.

அவர் தொழிலில் இது ஊரறிந்த வியாதி. முந்திரிக்கொட்டையை ஏவினால் அவசரத்தில் ஒன்றையே இரண்டாக நீட்டும், ஒருவர் தகவலை இன்னொருவர் பக்கத்தில் ஒட்டிவைக்கும். தன் பூனையின் சிப் எண்ணைக் கொண்டுபோய் எவருடைய பூனைக்கோ கட்டிவைத்திருக்கிறது, பாவி. இல்லாவிட்டால் ஒரே பூனை எட்டு நாள் பட்டினியும் கிடந்து, எடையும் போடுமா? போதாக்குறைக்குப் பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

"அக்கா, மாப்பிள்ளைன்னு ஒரு பூனை நிஜமாவே வருதா? இல்லை யாராவது விளையாட்டுக்கு அடிச்சதா?"

"எனக்கெப்படித் தெரியும்? கூடைக்குள்ள எல்லாம் நான் எட்டிப் பார்க்கிறதில்லை தம்பி. பூனைன்னா எனக்குத் தும்மல் வரும். கூடையைத் தூக்கிட்டு வர்ற முகத்தைத்தான் எனக்குத் தெரியும்."

"மத்தவங்க?"

"கம்பவுண்டருக்கு எல்லாப் பூனையும் அத்துப்படி. ஆனா அவர் சாயங்கால ஷிஃப்ட்தானே?"

சாயங்காலம்வரை காத்திருக்க நேரமில்லை. ஒரு சிப்புக்கு ஒரு வரிதான், மற்றது போகட்டும் என்று ஒரு கட்டளை எழுதினார். எதை வைப்பது, எதைத் தள்ளுவது? எது முதலில் பதிவானதோ அது இருக்கட்டும். நியாயமான ஏற்பாடு. தன் பூனைதான் நிற்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெற்ற பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பார்களா? பார்க்காமலே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மணி நாலு. கவுன்டர் முன்னால் கூடையைக் கட்டிப்பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"காலையில இருந்துச்சு, இப்போ லிஸ்ட்ல திவான்னு பேரே இல்லையேம்மா. நாளைக்குத்தான் இடம் இருக்கு," என்று ரிசப்ஷன் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி புரோகிராமரைத் திரும்பிப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற ஆமை, முயல், செத்த கிளி எல்லாம் உங்க லிஸ்ட்ல வருதாம். பெத்த பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், நம்ம பூனை இல்லையா?"

"இரும்மா, இதோ..."

"எட்டு நாளாச்சுங்க!"

அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. காலையிலிருந்து செய்த எல்லா மாற்றத்தையும் ஒரேயடியாக அழித்து, பழைய சோம்பேறியையே திரும்பக் கூட்டிவந்து, பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு நடை, இரண்டு நடை, மூன்று நடை. கூடத்தில் பதினோரு நாய்கள் ஒரே சமயத்தில் குரைத்தன. ரிசப்ஷன் அக்கா மறுபடி சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"போதும்!" என்றார் புரோகிராமர். "லிஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே தூக்கிட்டுப் போறேன்."

கூடையை வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

டாக்டரம்மா முறைத்தார். ஆனாலும் அழுதுகொண்டு நிற்கிற பெண்ணை வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. திவானைத் தூக்கி எடைக்கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"எட்டு நாளா சாப்பிடலைன்னா சொன்னீங்க?"

"ஒரு வாய்கூட இல்லை டாக்டர்."

"ஏழு கிலோ இருக்கானே!" வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எனக்கு இது பிடிக்கலை. உள்ளே நீர் கோத்திருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். இப்பவே உள்ளே பார்த்துடுவோம். கம்பவுண்டர்! மயக்க ஊசி!"

மனைவி புரோகிராமரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். புரோகிராமருக்கு, மழையில் நனைந்து வந்த அந்தத் திருட்டுமுழி கண்முன்னால் வந்தது. இவன் மட்டும் பிழைத்துவிட்டால் அந்த நாற்காலியை அவன் பேருக்கே எழுதிவைத்துவிடுகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த கம்பவுண்டர், ஊசித் தட்டோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அட மாப்பிள்ளை! நீ எங்கடா இங்க?"

திவான் எழுந்தான். வாலைத் தூக்கிக்கொண்டு போய், கம்பவுண்டரின் கையில் தலையை வைத்துத் தேய்த்தான்.

"இவன் பேரு திவான்," என்றாள் மனைவி.

"இவனா? இவன் எங்க தெரு டீச்சரம்மா வீட்டுப் பூனை ஆச்சே. வேளாவேளைக்கு வருவான், தின்பான், ஒரு வேலையும் செய்யாம போயிடுவான். அதான் மாப்பிள்ளைன்னு பேர் வச்சிருக்காங்க."

யாரும் பதில் சொல்லும் முன், ரிசப்ஷன் அக்கா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வாசலில் தலையை நீட்டினார். "டாக்டர், டீச்சரம்மா போன் பண்றாங்க. மத்தியானம் மீன் தின்னுட்டுப் போன மாப்பிள்ளை இன்னும் வீடு வந்து சேரலையாம். அஞ்சு மணிக்கு வர முடியாதாம்."

"மீனா?" என்றார் டாக்டரம்மா.

"ஸ்கூல் லீவு விட்டு எட்டு நாளாச்சுல்ல?" என்றார் கம்பவுண்டர். "டீச்சரம்மா வீட்லயே இருக்காங்க. இப்போ மூணு வேளையும் மீன்தான்."

டாக்டரம்மா ஊசித் தட்டை மெல்ல ஒதுக்கி வைத்தார். "இவனுக்கு ஒரு வியாதியும் இல்லைம்மா. வயிறு முட்டத் தின்னுட்டு வந்து உங்க தட்டை மோந்து பார்த்திருக்கான்."

"கட்டி?"

"மீன்."

மனைவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். புரோகிராமர் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அது இறங்கிய கையோடு இன்னொன்றும் உறைத்தது.

"அப்போ என் புரோகிராம் சரியாத்தான் சொல்லியிருக்கு! ரெண்டு வரி, ஒரே சிப், ஒரே பூனை! இத்தனை நாளா அந்தச் சோம்பேறி இவனோட ரெண்டு பதிவையும் பக்கத்துல வச்சுப் பார்த்ததே இல்லை!"

யாரும் அவரைப் பாராட்டவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மேசைக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏன்டா, எட்டு நாளா நான் சோறு தண்ணி இல்லாம அழுதிட்டிருக்கேன். நீ சின்ன வீடு வச்சுக்கிட்டா சுத்துறே?"

திவான் கொட்டாவி விட்டான். மேசை ஓரத்துக் கணினியில் அந்த வட்டம் ஒருவழியாகச் சுற்றி முடித்து, பட்டியலைக் காட்டியது. கம்பவுண்டர் குனிந்து, பதிவான தேதிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவனைத் திட்டாதீங்கம்மா. டீச்சரம்மா பதிஞ்சு மூணு வருஷமாச்சு. சின்ன வீடு உங்க வீடுதான்."