கல்லைக் காணவில்லை, நீ வர வேண்டும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை என்பதால் அவள் நலத்தை அவளிடமே விசாரித்துக்கொள்ளவும்.

நீ உன் ஆய்வுக்கூடத்திலிருந்து அனுப்பிய செயற்கை வைரம் வந்து சேர்ந்தது. கற்கண்டுத் துணுக்கு அளவு இருந்தது. பெருமை தாங்காமல் அதை நகைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், உள்ளே குறை இருக்கே" என்றார். "குறை வேணும்னே வச்சதுய்யா!" என்றேன். நீ போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்: வரிசையா உட்கார்ந்திருக்கிற கார்பன்ல ஒரு இடம் காலியா இருக்கும், பக்கத்துல நைட்ரஜன் ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கும், பச்சை ஒளி அடிச்சா அந்த இடம் சிவப்பா ஒளிரும், அதுக்குத்தான் என் பொண்ணு ராப்பகலா உழைக்கிறான்னு. மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷம் கண்ணாடிக்கடை வச்சு, ஒரு கீறல் இருந்தாலும் லென்ஸைத் திருப்பி அனுப்பினவன் நான். எனக்குன்னு பொறந்திருக்கே பாரு, குறையைத் தேடித் தேடிச் செய்யறதுக்கு!

வீட்டுக்கு வந்த சூட்டோட, உன் ரூம் மேஜை விளக்கடியில வச்சு அம்மாவுக்குக் காட்டினேன். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தத் தும்மல்! கல் போன இடம் தெரியல. அன்னைக்குப் பிடிச்சு அந்த ரூமைப் பெருக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, நான் உள்ளே போனா வெளியே வரும்போது வேட்டியை உதறிக் காட்டணும். உன் அம்மா சட்டம். துடைப்பத்தைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. பதினோரு நாளாச்சு, வீடு வீடாவே இல்ல.

பச்சை விளக்கை எடுத்துக்கிட்டு நீ வந்தாத்தான் இதுக்கு ஒரு வழி பிறக்கும். மூணு வருஷமா கூப்பிடறேன், "கல்லைக் குளிர வைக்கிற மெஷினை நிறுத்தினா மறுபடி குளிர நாளாகும்ப்பா"ங்கற. குளிரட்டுமே! உங்க கூடத்துல அதைப் பார்த்துக்க வேற ஆளே இல்லையா? காலி இடத்துலேர்ந்துதான் வெளிச்சம் வரும்னு சொன்னே. உன் ரூமும் மூணு வருஷமா காலியாத்தான் கிடக்கு, ஒரு வெளிச்சத்தையும் காணோம். உன்னைப் பார்க்கணும் போல இருக்கும்மா. இதைப் போன்ல சொல்ல வரமாட்டேங்குது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. எதிர்வீட்டு டீச்சரிடம் பச்சை லேசர் பேனா இருக்கிறது, கடைப் பெட்டியில் சிவப்புக் கண்ணாடி இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பச்சை மறைந்து சிவப்பு மட்டும் தெரிய அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்து அடித்துப் பார்த்தேன். உன் மேஜைக் காலுக்குப் பின்னால, பொட்டு மாதிரி, சிவப்பா! அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் பக்கத்துல படுத்துப் பார்த்தா. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் எழுந்திருக்கவே இல்ல. "எடுத்துடட்டுமா?"ன்னு கேட்டேன். பதினோரு நாள் கழிச்சு என்கிட்ட வாயைத் திறந்தா: "தொடாதீங்க. அங்கேயே கிடக்கட்டும். காணோம்னு எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

ஆகவே கல்லை இன்னும் காணவில்லை. நீ வந்து தேடு.